வளாகமும் வட்டாரமும்: ஜொகூர் உயர்கல்வி வெளியில் தமிழின் இடம்

ஒரு நகரத்தின் கல்விச் சிறப்பை அதனிடத்துள்ள பல்கலைக்கழகங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது இன்று பொது வழக்காகிவிட்டது. அவ்வளவுகோலின்படி நோக்கின், ஜொகூர் பாருவும் அதனைச் சூழ்ந்த வட்டாரமும் மலேசியாவின் முன்னணிக் கல்வி வெளிகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தனது தலைமை வளாகத்தைக் கோலாலம்பூரிலிருந்து ஸ்கூடாய்க்கு மாற்றிக்கொண்டது 1985இல். 1993இல் பத்து பகாட் அருகே தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி மையமாக வேர்கொண்ட நிறுவனம், 2007இல் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமாக முழுமை பெற்றது. 2006இல் இஸ்கண்டார் வளர்ச்சி வட்டாரம் அறிவிக்கப்பட்ட பின்னர், அந்நாளில் நூசாஜெயா எனப்பட்ட இஸ்கண்டார் புத்ரியில் நியூகாசல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கிளையும் சவுதாம்டன், ரெடிங் பல்கலைக்கழகங்களின் கிளைகளும் அடுத்தடுத்துத் தோன்றின. வடக்கே பாகோவில் பல நிறுவனங்கள் ஒரே வளாகத்தைப் பகிர்ந்துகொள்ளும் உயர்கல்வி மையமும் உண்டு.

இப்பட்டியலை மேலும் நீட்டலாம், நீட்டுவதால் பயனொன்றுமில்லை. நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட ஒரு மாநிலத்தில், இத்துணைப் பல்கலைக்கழகங்களுக்கிடையே, தமிழ் ஓர் ஆய்வுப்பொருளாக அமரும் இருக்கை எங்கே உள்ளது? மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம் எதிலும் தமிழுக்கெனத் துறையில்லை. எஸ்.டி.பி.எம். தேர்வில் தமிழை ஒரு பாடமாக எடுத்துத் தேறிய ஜொகூர் மாணவர், அம்மொழியைப் பட்டப் படிப்பில் தொடர எண்ணினால், 300 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே சென்று மலாயாப் பல்கலைக்கழகத்தை அடைதல் வேண்டும். இன்னும் வடக்கே தஞ்சோங் மாலிமில் சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் உண்டு. தெற்கே பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி இலக்கியப் பட்டப் படிப்பு உள்ளதெனினும், அது வேறு நாடு, வேறு நாணயம்.

மாணவர் எங்கேனும் சென்று கற்றுவிடுவர்; அதனை நாம் பெருங்குறையாகக் கொள்ளவில்லை. குறை பிறிதோரிடத்தில் உள்ளது. மாணவர் இடம்பெயரலாம், ஆய்வுக்குரிய களம் இடம்பெயராது.

இஸ்கண்டார் புத்ரியில் இன்று விரிவுரை மண்டபங்களும் விடுதிகளும் நிற்கும் நிலப்பரப்பு, இருபது முப்பது ஆண்டுகட்கு முன்னர்ப் பெரிதும் செம்பனைத் தோட்டமாக இருந்தது. செம்பனைக்கு முன்னர் இம்மாநிலத்தின் பெரும்பகுதியில் ரப்பர். ரப்பருக்கு முன்னர்ச் சீனர் பயிரிட்ட காம்பிரும் மிளகும். இவ்வடுக்குகளுள் ரப்பருக்குரிய அடுக்கிலும் செம்பனைக்குரிய அடுக்கிலும் தமிழே தொழிலாளர் பலரின் வீட்டுமொழியாகவும் வேலைமொழியாகவும் விளங்கியது. கித்தா, மங்கு, பிரட்டு, நிரை, கிராணி, லயம், ஆயாக்கொட்டகை என்றாங்கு ஒரு முழுச் சொற்றொகுதி அவ்வாழ்விலிருந்து முகிழ்த்தது. கெத்தா என்னும் மலாய்ச்சொல் கித்தாவாகித் தமிழ்ப் பெயர்ச்சொல்லின் எல்லா வேற்றுமைகளையும் ஏற்று நடந்ததை எந்த இலக்கண ஆசிரியரும் விதிக்கவில்லை. விடியற்காலையில் பால்வெட்டச் சென்றவர்கள் தாமே அதனை நிகழ்த்தினர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தபோது இச்சொற்கள் அவர்களோடு சென்றன. அவர்களோடு மூப்பும் எய்தின. இன்று மாசாயிலோ உலு திராமிலோ எண்பதைக் கடந்த ஒருவரிடம் அமர்ந்து கேட்டாலன்றி அவை கிடைப்பதரிது.

முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு நாம் அயல்நாட்டு நூலகமொன்றில் மலாயாத் தோட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டிய காலம் உண்டு. ஏக்கர்க் கணக்கும் விளைச்சல் கணக்கும் அவற்றில் செவ்வனே இருந்தன; ஆள் எண்ணிக்கையும் இருந்தது. ஆனால் அந்த ஆட்கள் பேசிய ஒரு சொல்லேனும் அவ்வேடுகளில் இடம்பெறவில்லை. நிறுவன ஏடு அப்படித்தான் அமையும். அதனிடம் வேறு எதிர்பார்ப்பது நமது பேதைமை. அவ்விடைவெளியை நிரப்ப வேண்டியது பல்கலைக்கழகம். தோட்டம் நின்ற நிலத்திலேயே பல்கலைக்கழகம் எழுந்தும் அவ்விடைவெளி அவ்வாறே கிடக்கிறது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

எப்பொழுதும் இந்நிலையே இருந்ததென்று கூறுதற்கில்லை. 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை உருவானபோது அப்பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அதாவது, தமிழ் உயர்கல்வியின் முதல் இருக்கை ஜொகூர் பாருவிலிருந்து பேருந்தில் சென்று மீளத்தக்க தொலைவிலேயே அமைந்தது. அத்துறையில் தமிழுக்கு முதலிடமா, சமற்கிருதத்திற்கா என்ற வாதம் எழுந்ததும், கோ. சாரங்கபாணி தமிழ் முரசு வாயிலாகத் 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டித் தமிழ் நூற்சேகரிப்புக்கு வழிசெய்ததும் நம் வாசகர் அறிந்தவையே. துறை பின்னர்க் கோலாலம்பூரில் நிலைகொண்டது. 1962இல் அப்பல்கலைக்கழகமே இரண்டாகப் பிரிந்தது. தனிநாயக அடிகளின் தலைமையில் அத்துறை பெற்ற ஏற்றமும், 1966இல் கோலாலம்பூரில் கூடிய முதலாம் உலகத் தமிழ் மாநாடும் தமிழாய்வின் பொற்காலமாகப் போற்றப்படுகின்றன. போற்றுதல் தகும். எனினும் அந்த இடப்பெயர்வால் தென்கோடி இழந்ததை எவரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

துறையொன்று இருப்பதால் விளைவது யாது என்பார்க்கு ஒரு சான்று போதும். இராம சுப்பையா தொகுத்து 1969இல் மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்ட தமிழ் மலேசியானா, மலேசிய சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள், இதழ்கள் ஆகியவற்றின் பட்டியல். அது கவர்ச்சியான நூலன்று; வெறும் பட்டியல். ஆயினும் மலேசியத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர் இன்றும் அதனைத் தொடாமல் அடியெடுத்து வைத்தல் இயலாது. அத்தகைய பணியை ஆர்வலர் ஒருவர் ஓய்வு நேரத்தில் செய்து முடிக்கவியலாது. நூலகமும் ஊதியமும் நிறுவனப் பொறுமையும் அதற்கு வேண்டும்.

இவ்விடத்தில் பழைய வரலாறொன்று நினைவுக்கு வருகிறது. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் கொண்ட ஒரு கல்லூரியை விரிவாகக் குறிப்பிடுகின்றது. அங்கு வேதமும் வடமொழி இலக்கணமும் மீமாம்சையும் வேதாந்தமும் பயிற்றப்பட்டன. மாணாக்கர்க்கு நாள்தோறும் அளந்த நெல்லின் அளவுகூட அக்கல்வெட்டில் உண்டு. தமிழ் எங்கே என்று தேடினால், கோயிலில் திருவாய்மொழி ஓதுவார்க்கு அளித்த நிவந்தத்தில் அது தென்படுகிறது. பாடுவதற்குத் தமிழ், பயில்வதற்கு வேறு என்னும் பிரிவினை சோழநாட்டிலேயே நிலவியதென்றால், ஜொகூரில் தமிழ் கோயிலிலும் தொடக்கப்பள்ளியிலும் ஒலித்துப் பல்கலைக்கழக வாயிலில் நின்றுவிடுவதைப் புதுமை எனல் ஆகாது. பழைமை என்பதால் அது ஏற்புடையதாகிவிடவும் இல்லை.

நம் புனைகதைகளும் இப்பிரிவினையை ஒருவகையில் உறுதிசெய்கின்றன. மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் பல்கலைக்கழகம் பெரும்பாலும் இறுதிப் பத்தியில்தான் வருகிறது: மகனுக்கு இடம் கிடைத்த கடிதம், தாயின் கண்ணீர், கதை முடிவு. வளாகத்தினுள் அம்மகன் என்ன படித்தான், என்ன ஐயுற்றான், எதனை மறந்தான் என்பவை கதைப்பொருள் ஆவதில்லை. ரெ. கார்த்திகேசுவின் 'காதலினால் அல்ல' பல்கலைக்கழக வாழ்வைப் பின்புலமாக்கிய அரிய விதிவிலக்கு. அவர் பினாங்கில் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர் என்பதைத் தற்செயல் எனக் கொள்ள நாம் ஆயத்தமாக இல்லை. வளாகத்தினுள் தமிழில் சிந்திப்போர் இருந்தாலன்றி வளாகம் தமிழில் எழுதப்படாது. ஸ்கூடாய் வளாகத்தில் நாற்பதாண்டுகளாகப் பயின்று வெளியேறிய தமிழ் மாணவர்கள் எத்தனையோ பேர். அவ்வளாகத்தை மனத்தில் நிறுத்தும் தமிழ் நாவல் ஒன்றைச் சுட்ட நம்மால் இயலவில்லை.

இனி, எண்ணிக்கை குறைவு, துறை தொடங்குதல் கட்டுபடியாகாது என்னும் வாதம். இதற்கு மறுமொழி ஸ்கூடாயிலேயே உள்ளது. ஜொகூர் பாருச் சீனச் சமூகம் 1990இல் தன் பொருளைக் கொண்டு நிறுவிய தென்கல்லூரி, 2012இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக உயர்ந்தது. சீனமொழிக் கல்வியோடு மலேசியச் சீன இலக்கியத்திற்கெனத் தனிச் சேகரிப்பு நிலையத்தையும் அது பேணி வருகின்றது. நாமும் கல்வி நிறுவனம் கட்டாதவர் அல்லர். மஇகாவின் கல்வி அமைப்பு 2001இல் கெடாவில் தொடங்கிய ஐம்ஸ்ட் ஒரு பெருஞ்சாதனை. ஆனால் அதன் பெயர் விரிவிலேயே மருத்துவம், அறிவியல், தொழில்நுட்பம் என மூன்றும் நிரம்பிவிட்டன. மருத்துவராகும் வேட்கையை இழிப்பது நம் நோக்கமன்று. தோட்டத்திலிருந்து வெளியேறிய தலைமுறைக்கு அதுவே ஏணியாக இருந்தது. சீனச் சமூகம் ஏணியோடு ஏட்டறையையும் கட்டியது, நாம் ஏணியோடு நின்றோம் என்பதே வேறுபாடு. இதில் மக்கள்தொகையின் பங்கும் செல்வநிலையின் பங்கும் உண்டு. அவற்றை மட்டுமே காரணமாக்குவது வசதியான விடை.

உடனடியாக முழுத்துறை வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. பொறியியல் பல்கலைக்கழகத்தில் தமிழிலக்கியப் பட்டம் கேட்பது பயனற்ற கோரிக்கையாகவே முடியும். ஆனால் நகரத் திட்டமிடலும் நிலஅளவையியலும் கட்டடக்கலையும் பயிற்றும் ஒரு பல்கலைக்கழகம், தன்னைச் சூழ்ந்த மறைந்த தோட்டங்களின் நிலவரைபடங்களைத் தமிழ்ப் பெயர்களோடு ஆவணப்படுத்துதல் அதன் சொந்த இயலுக்குள் அடங்கியதே. அதற்கு வேண்டுவது தமிழறிந்த ஓர் ஆய்வாளர் இருக்கை மட்டுமே. ஜொகூர்த் தமிழின் பேச்சியல்பும் தனித்த ஆய்வுக்குரியது. மலேசிய வானொலியையும் சிங்கப்பூரின் ஒலி 96.8ஐயும் ஒருசேரக் கேட்டு வளர்ந்த, நாள்தோறும் எல்லை கடந்து வேலைக்குச் சென்று மீளும் ஒரு மக்கட்கூட்டத்தின் மொழி அது. கோலாலம்பூரில் அமர்ந்து அதனை ஆராயலாம். காலை ஐந்து மணிக்குச் சுங்கச் சாவடி வரிசையில் நின்று கேட்பதற்கு அது ஈடாகாது.

முதற்பணி மிகச் சிறியதாகவே இருக்கலாம். தமிழ்ப்பள்ளிகளின் பொன்விழா மலர்கள், கோயில்களின் குடமுழுக்கு மலர்கள், மூடப்பட்ட தோட்டப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் ஆகியவை இன்றும் குளுவாங், சிகாமட், கூலாய் வட்டாரங்களில் தலைமையாசிரியர் அறை அலமாரிகளிலும் கோயில் பொருளாளர் வீட்டுப் பெட்டிகளிலும் உள்ளன. சேர்க்கைப் பதிவேட்டில் மாணவர் பெயருக்கு எதிரே தோட்டத்தின் பெயரைத் தமிழில் எழுதி வைத்த ஆசிரியர்கள் இருந்தனர். கரையான் அதனைப் படிக்கும் முன்னர் வேறு யாரேனும் படித்தாக வேண்டும். இவ்விதழை வாசிக்கும் ஜொகூர் ஆசிரியர்கள் தத்தம் பள்ளி அலமாரியில் எந்த ஆண்டு முதலான பதிவேடுகள் உள்ளன என்பதை ஒரு தாளில் குறித்து வைப்பதிலிருந்து அது தொடங்கலாம்.