மரபுவழிப் பாடசாலையும் பெற்றோர் தெரிவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசாங்க ஆரம்பப் பாடசாலைகள் சிலவற்றில் 'மரபுவழி மாற்றுத் திட்டம்' என்றொரு பிரிவு நடைபெற்று வருகிறது. பெயரைக் கேட்ட மாத்திரத்தே சிறிது நகைப்புத் தோன்றும். மரபு என்பது முன்பே உள்ளது. மாற்று என்பது உள்ளதினின்றும் விலகுவது. இவையிரண்டும் ஒரே பெயரில் எவ்வாறு கூடின என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. ஆயின் இச்சொற்சேர்க்கைக்கு ஒரு வரலாறு உண்டு. அதனை அறியாதவிடத்து இத்திட்டத்தைப் புகழ்வோரின் கூற்றையோ இகழ்வோரின் கூற்றையோ நாம் மதிப்பிடல் இயலாது.

ஏ. எஸ். நீலின் 'சமர்ஹில்' என்னும் நூல் 1960இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. அதனைத் தொடர்ந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்நாட்டுக் கல்வியுலகில் ஒரு பெருங் கொந்தளிப்பு ஏற்பட்டது. வகுப்பறைகளுக்கிடையே இருந்த சுவர்கள் அகற்றப்பட்டன, பாடவேளைகள் தளர்த்தப்பட்டன, தான் கற்கவேண்டியதைப் பிள்ளை தானே தெரிந்துகொள்ளட்டும் என்னும் கொள்கையுடன் 'மாற்றுப் பாடசாலைகள்' பல தோன்றின. இக்காற்றை விரும்பாத பெற்றோர் வேறொரு வாதத்தை எடுத்தனர். அவர்களுக்கு விரும்பியவாறு ஒரு பாடசாலை கொடுக்கலாமெனின், எமக்கும் நாம் விரும்பியவாறு ஒன்றைக் கொடுப்பதில் என்ன தடை என்றனர். 1973இல் கலிபோர்னியாவின் பசடீனா நகரில் 'அடிப்படைப் பாடசாலை' என்ற பெயருடன் ஒன்று திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் வேறு பல நகரங்களிலும் இதனையொத்தவை எழுந்தன. புரட்சியாளர் ஆக்கிய ஒரு சொல் பழைமைவாதிகளின் கைக்கு மாறிய கதை இது. சொற்களுக்கு இத்தகைய விதி நேர்வது புதிதன்று.

இத்திட்டத்தின் உள்ளடக்கம் எமது வாசகர்க்கு மிகவும் பழக்கமானதே. மேசை கதிரைகள் ஆசிரியரை நோக்கி வரிசையாக இடப்பட்டிருக்கும். எழுத்தொலி முறையில் வாசிப்புக் கற்பிக்கப்படும். பெருக்கல் வாய்பாடு மனனம் செய்யப்படும். நாள்தோறும் வீட்டுவேலை உண்டு. உடைக்கு விதி உண்டு. கொடிக்கு வணக்கமும் பெரியோர்க்கு மரியாதையும் வலியுறுத்தப்படும். பிள்ளையைச் சேர்க்கும்போது, வீட்டுவேலையை மேற்பார்வை செய்வோம், பாடசாலை விதிகளை ஏற்போம் என்று பெற்றோர் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிடும் வழக்கமும் பலவிடங்களில் உளது. எம்மூர்ப் பழைய தலைமையாசிரியர் ஒருவர் இதனைக் கண்டால், இதற்கு ஏன் தனிப்பெயர் என்று வியப்பாராயினும் வியப்பார்.

முற்போக்கு அணியினர் இத்திட்டத்தைப் பெரும்பாலும் ஒரே சொல்லில் தள்ளிவிடுவர்: பிற்போக்கு. இதற்குக் காரணமும் இல்லாமலில்லை. பசடீனாவில் இனக்கலப்புக்கான நீதிமன்ற ஆணை பிறந்தது 1970இல். பிள்ளைகளைப் பஸ் வண்டிகளில் ஏற்றி வெவ்வேறு பகுதிப் பாடசாலைகளுக்கு அனுப்பும் அவ்வேற்பாட்டை எதிர்த்தோர் கல்விச் சபையைக் கைப்பற்றிய 1973இலேயே அடிப்படைப் பாடசாலையும் பிறந்தது. இவ்விரண்டும் தற்செயலாக அடுத்தடுத்து நிகழ்ந்தன என்று கூறுவது நேர்மையாகாது. கொடி வணக்கமும் பிரம்பும் சேர்ந்து வரும் கல்விக் கொள்கையை ஐயத்துடன் நோக்குவதே அறிவுடைமை.

எனினும், இவ்வொரு சொல்லோடு விமர்சனம் முடிந்துவிட்டதெனக் கருதுவோருடன் நாம் உடன்படவில்லை. வரிசையாக அமர்வதும் வாய்பாடு சொல்வதும் தம்மளவிற் பிற்போக்கானவை என்னும் எண்ணம், எழுத்துக்கும் நூலுக்கும் வீட்டிலேயே பழகிய பிள்ளைகளைப் பெற்றோரின் எண்ணமாகும். இதனை வன்மையாக எடுத்துரைத்தவர் முசோலினியின் சிறையிலிருந்த அந்தோனியோ கிராம்சி. 1923இல் இத்தாலியில் ஜென்ரிலே கொண்டுவந்த கல்விச் சீர்திருத்தம் பழைய பாடசாலையின் 'வறட்டு' மனனத்தைக் கண்டித்தது. ஆக்கத்திறனையும் தன்னியல்பையும் போற்றியது. பாசிச ஆட்சியின் அமைச்சர் இவ்வாறு பேசக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைவர் பழைய பாடசாலையின் கடுமைக்காக வாதாடினார் என்பது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். கிராம்சியின் கருத்து இதுவே: கற்றல் என்பது உழைப்பு, உடலையும் நரம்புகளையும் பழக்கவேண்டிய களைப்புமிக்க உழைப்பு. படித்த குடும்பத்துப் பிள்ளை நீண்டநேரம் ஓரிடத்தில் அமர்ந்து கருத்தூன்றும் பழக்கத்தை வீட்டிலேயே பெற்று வருகிறது. விவசாயியின் பிள்ளைக்கு அதனைப் பாடசாலையன்றி வேறெவரும் கொடார். சார்டினியாத் தீவின் வறிய குடும்பமொன்றிற் பிறந்து, கூன் விழுந்த உடலுடன் படித்து முன்னேறிய ஒருவர் இதனைக் கூறும்போது அதற்கொரு தனிப் பாரம் உண்டு.

பிரித்தானியச் சமூகவியலறிஞர் பஸில் பேர்ண்ஸ்ரைன் 1975இல் இதே பிரச்சினையை மற்றொரு கோணத்தில் ஆராய்ந்தார். விதிகளும் அளவுகோல்களும் வெளிப்படையாகத் தெரியும் கற்பித்தலையும், அவை மறைந்திருக்கும் கற்பித்தலையும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். பின்னையதில் ஆசிரியர் கட்டளையிடுவதில்லை, பிள்ளை விளையாடுகிறது, ஆனால் மதிப்பீடு நடந்துகொண்டேயிருக்கிறது. எதனை எதிர்பார்க்கிறார்கள் என்பதைப் பிள்ளை ஊகித்தல் வேண்டும். புதிய மத்தியதர வர்க்கத்தின் வீட்டில் வளரும் பிள்ளை அதனை ஊகிக்கும். தாய் அவ்விளையாட்டின் பொருளை அறிந்தவள். தொழிலாளியின் பிள்ளைக்கு அது விளங்காத சடங்காகவே இருக்கும்.

இவை ஐரோப்பியரின் கோட்பாடுகளெனின், அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணாசிரியர் லீசா டெல்பிற் 1988இல் எழுதிய கட்டுரையை நோக்குக. எழுத்துப் பயிற்சியில் பிழை திருத்தாதே, பிள்ளையின் குரலைத் தடுக்காதே என்று நல்லெண்ணமுடைய வெள்ளையின ஆசிரியர்கள் கூறியபோது, கறுப்பினப் பெற்றோரும் ஆசிரியரும் மனம் வெந்து மௌனமானதை அவர் விவரித்தார். அதிகாரத்தின் மொழிக்கு விதிகள் உள. அவ்விதிகளை அறிந்தோர் அவை இல்லாதன போல நடந்துகொள்ளலாம். அறியாதோர்க்கு அவற்றை எவரேனும் வெளிப்படையாகச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். டெல்பிற் வெறும் மனனத்துக்குப் பரிந்துரை செய்தவரல்லர் என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். விதிகளைக் கற்பிக்கும்போதே அவை யாருடைய விதிகள் என்பதையும் கற்பியுங்கள் என்பதே அவர் வேண்டுகோள்.

அனுபவச் சான்றும் இதற்கு மாறாக இல்லை. 1968இல் வறிய பிள்ளைகளின் ஆரம்ப வகுப்புகளில் பல்வேறு கற்பித்தல் முறைகளை ஒப்பிட அமெரிக்க அரசாங்கம் ஒரு பெருந் திட்டத்தைத் தொடங்கியது. 1977இல் வெளியான அதன் மதிப்பீட்டில், வாசிப்பு, கணிதம் ஆகிய அடிப்படைத் திறன்களில் முன்னின்றது, ஆசிரியர் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் 'நேரடிக் கற்பித்தல்' முறையே. மதிப்பீட்டின் நெறிமுறை பற்றிக் கல்வியாளரிடையே கடும் விவாதம் எழுந்தது உண்மை. ஒரே முறை ஊருக்கு ஊர் வேறுவேறு பலன் தந்தது என்பதும் உண்மை. ஆயினும் பழைய முறை வறிய பிள்ளைகளை நசுக்குகிறது என்று முழங்கியோர்க்கு அம்முடிவு உவப்பாக இருக்கவில்லை. சோவியத் நாட்டிலுங்கூட, இருபதுகளின் கூட்டுப்பாட முறைகளும் செயற்றிட்ட முறைகளும் 1931ஆம் ஆண்டுக் கட்சித் தீர்மானத்தால் கைவிடப்பட்டு ஒழுங்கான பாடப்போதனை மீட்கப்பட்டது. அம்மீட்பு வந்த விதம், ஆசிரியர்களைக் கலந்து பேசாத மேலிடத்துக் கட்டளை. அதனை நாம் மெச்சவில்லை. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத இலட்சக்கணக்கானோரைக் கொண்ட ஒரு நாடு எதிர்கொண்ட இடர்ப்பாடு மெய்யானது.

ஆகவே, தம் பிள்ளைக்கு மரபுவழித் திட்டத்தைத் தெரிந்தெடுக்கும் தொழிலாளித் தாய் ஏமாந்தவளல்லள். தன் பிள்ளைக்கு எது கிடைக்கவில்லை என்பதை அவள் துல்லியமாக அறிவாள். எமது கண்டனம் அவள் தெரிந்தெடுத்த பாடத்தின்மீதன்று. அவளைத் தெரிந்தெடுக்குமாறு நிறுத்திவைத்த ஏற்பாட்டின்மீது.

'தெரிவு' என்னும் சொல் அமெரிக்கக் கல்வியில் மிகவும் கறைபடிந்த சொல். பெற்றோர் கையிற் பற்றுச்சீட்டைக் கொடுத்து, பாடசாலைகளைச் சந்தையிற் போட்டியிட விடவேண்டும் என்னும் கோட்பாட்டை மில்ற்றன் பிறீட்மன் 1955இல் எழுதினார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் இனப்பிரிவினைப் பாடசாலைகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதன்பின் தென்மாநிலங்களிற் பல 'தெரிவுச் சுதந்திரத் திட்டம்' என்பதை ஏந்தின. வேர்ஜீனியாவின் நியூ கென்ற் மாவட்டத்தில் இருந்தவை இரண்டே பாடசாலைகள். ஒன்று வெள்ளையர்க்கு, மற்றது கறுப்பர்க்கு. விரும்பியதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றது கல்விச் சபை. மூன்றாண்டுகளில் ஒரு வெள்ளைப் பிள்ளையேனும் கறுப்பர் பாடசாலையைத் தெரியவில்லை. கறுப்பினப் பிள்ளைகளில் நூற்றுக்கு 85 பேர் இருந்தவிடத்திலேயே இருந்தனர். இத்தெரிவு பெற்றோரின் தோளிற் சுமையை ஏற்றிவிட்டுச் சபையை அதன் கடமையினின்றும் விடுவிக்கிறது என்று 1968இல் உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளியது.

எழுபதுகளின் மரபுவழித் திட்டங்கள் இதனினும் நுண்மையானவை. அவை நிறம் கேட்கவில்லை, அக்கறை கேட்டன. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரையுட்கொண்ட ஜெவர்சன் மாவட்டத்தின் அனுபவம் இதற்குத் தக்க சான்று. 1975இல் நகரக் கல்விச் சபையும் மாவட்டக் கல்விச் சபையும் இணைந்தன; அவ்வாண்டிலேயே இனக்கலப்புக்கான பஸ் போக்குவரத்தும் பெருங் கலவரங்களிடையே தொடங்கியது. அக்காலத்தை யொட்டி அங்கு வேரூன்றிய மரபுவழிப் பாடசாலைகள் ஆரம்ப நிலையிலிருந்து உயர்நிலை வரை ஒரு தனிக் கிளையாக வளர்ந்தன. விண்ணப்பித்தோர் தொகை இடங்களின் தொகையை விஞ்சியது. எனவே கறுப்பின ஆண், கறுப்பினப் பெண், ஏனைய ஆண், ஏனைய பெண் என நான்கு பட்டியல்கள் வைத்துப் பிள்ளைகளைச் சேர்த்தனர். இடம் கிடையாத பிள்ளைகளின் பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். 2004இல் மாவட்டத்தின் பொதுவான இனக்கலப்புத் திட்டத்தை ஏற்ற கூட்டாட்சி நீதிமன்றம், மரபுவழிப் பாடசாலைகளின் இப்பட்டியல் முறையை மட்டும் செல்லாதென்றது. 2007இல் உச்ச நீதிமன்றம் ஒரு வாக்கு வித்தியாசத்தில் பொதுத் திட்டத்தையும் வீழ்த்தியது.

இவ்வழக்குகளில் எல்லாரும் பட்டியலைப் பற்றியே வாதாடினர். ஒழுங்கான வாசிப்புப் போதனையும் அமைதியான வகுப்பறையும் நாள்தோறும் திருத்தப்படும் வீட்டுவேலையும் இத்தனை பேர் வேண்டுவனவாயின், அவை ஏன் எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை என்னும் எளிய வினா நீதிமன்றத்திற் கேட்கப்படக் கூடியதொன்றன்று. கல்விச் சபையிலும் அது போதிய உரத்துடன் கேட்கப்படவில்லை. பற்றாக்குறை இருந்தபடியே இருக்க, அதனைப் பங்கிடும் முறைக்காகவே கறுப்பினத் தந்தையும் வெள்ளையினத் தந்தையும் எதிரெதிரே நின்றனர். முதலாந் தர அனுமதிக்காக வாக்காளர் இடாப்பின் பிரதியையும் மின்சாரப் பட்டியலையும் சுமந்து நிற்கும் எமது நாட்டுப் பெற்றோர்க்கு இக்காட்சியை விளக்கவேண்டிய தேவையில்லை.

பொருளியலறிஞர் அல்பேர்ட் ஹேர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலொன்றில், தரங் குன்றும் நிறுவனத்தினின்றும் முதலில் வெளியேறுவோர் அதன் குறையை நன்கறிந்தோரே என்று காட்டினார். பாடசாலையை அவர் உதாரணமாகவே எடுத்தாண்டார். கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கக்கூடிய பெற்றோர் மரபுவழித் திட்டத்திற்குப் போய்விட்டால், வசிப்பிடப் பாடசாலையில் எஞ்சுவது மௌனம். உடன்படிக்கையிற் கையொப்பமிடும் விதி இதனை மேலும் இறுக்குகிறது. இரவுவேலை செய்யும் தாய் வீட்டுவேலையை மேற்பார்வை செய்வதாக எவ்வாறு ஒப்பமிடுவாள்? ஜெவர்சன் மாவட்டத்திலோ விதிக்கு அமையாத பிள்ளையை வசிப்பிடப் பாடசாலைக்குத் திருப்பியனுப்பும் வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. 2022இல் ஏற்கப்பட்ட புதிய திட்டத்திலேதான் அதனைக் கைவிட முடிவு செய்யப்பட்டது. திருப்பியனுப்பும் உரிமையுடைய பாடசாலை நல்ல பெறுபேறு காட்டுவதிலும், அவர்களை மறுக்கவியலாத அயற்பாடசாலை மோசமான பெறுபேறு காட்டுவதிலும் வியப்பதற்கு யாதுமில்லை. அப்பெறுபேற்றை ஆதாரமாகக் காட்டி மரபுமுறையின் வெற்றியெனப் பறைசாற்றுவோர், தமது கூற்றின் மெய்யான பகுதியையே பாழாக்குகின்றனர். மேலே நாம் காட்டிய 1977ஆம் ஆண்டு மதிப்பீட்டின் பெறுமதி, அது வறிய பிள்ளைகளுக்கென்றே நடத்தப்பட்டமையில் உள்ளது.

முற்போக்கு ஆசிரியரிடம் எமக்கொரு மனக்குறை உண்டு. பழைமைவாதி கைக்கொண்டதனாலேயே எழுத்தொலியையும் வாய்பாட்டையும் அவனுக்கே விட்டுக்கொடுத்தோம். உழைக்கும் மக்கள் வேண்டிய ஒன்றைப் பொதுவுடைமையாக்கப் போராடவேண்டிய நாம், அவர்களது விருப்பமே தவறென்று உபதேசித்தோம். அவர்கள் நியாயமான கோரிக்கையுடன் வேறொருவர் வாசலுக்குச் சென்றனர்.

லூயிவில் கதை இன்னும் சிறிது உளது. 2023 ஆவணியில், பஸ் சாரதிகள் போதாமையால் வகுத்த புதிய பாதைகள் முதல் நாளிலேயே குழம்பி, சில பிள்ளைகள் இரவு பத்து மணியளவில் வீடு சேர்ந்தனர். பாடசாலைகள் பல நாட்கள் மூடப்பட்டன. 2024 சித்திரையில் கல்விச் சபை, அடுத்த கல்வியாண்டு முதல் சிறப்புத் திட்டப் பாடசாலைகளிலும் மரபுவழிப் பாடசாலைகளிலும் பெரும்பாலானவற்றுக்குப் பஸ் வண்டி விடுவதில்லை என முடிவு செய்தது. திட்டம் ஒழிக்கப்படவில்லை, தெரிவும் மறுக்கப்படவில்லை. சொந்த வாகனமும் காலைநேரமும் உடைய பெற்றோர் தம் பிள்ளைகளைத் தாமே கொண்டுபோய் விட்டனர். ஏனையோர்க்கு, வசிப்பிடப் பாடசாலைக்கு மாறுவதற்கான விண்ணப்பப் படிவம் இருந்தது.