முட்டைக் கருவின் நிறத்தை நம்பலாமா?

"கரு ஆரஞ்சா இருந்தா நாட்டுக்கோழி முட்டை, சத்து அதிகம். வெளிறியிருந்தா பண்ணை முட்டை, சத்து கம்மி." உணவுப் பதிவுகளில் அடிக்கடி வரும் இந்த வாதத்தின் ரெண்டு பாதியும் நிற்காது.

கோழியால் கரோட்டினாய்டு நிறமிகளை உருவாக்க முடியாது. தின்றதுதான் கருவில் சேரும். மேயும் கோழிக்குப் பச்சை இலையிலிருந்து லூட்டீன் வருகிறது. பண்ணைக் கோழிக்கு மஞ்சள் மக்காச்சோளம். போதலைன்னா தீவனத்தில் செண்டுமல்லிப் பூச்சாறு, இன்னும் சிவக்கணும்னா மிளகாய்ச் சாறு. நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க 1 முதல் 15 வரை எண் போட்ட விசிறி மாதிரி வண்ண அட்டையே உண்டு! அப்புறம் கோழி எங்கே மேய்ந்தது என்பதை நிறம் எப்படிச் சொல்லும்?

சத்து விஷயம் இன்னும் சுவாரசியம். மக்காச்சோளத்தில் மஞ்சள் ரகத்தில்தான் வைட்டமின் ஏ இருக்கு, வெள்ளையில் இல்லை என்று 1919-இல் அமெரிக்காவின் ஹாரி ஸ்டீன்பாக் நிறத்தையும் சத்தையும் முடிச்சுப் போட்டார். அதே ஆண்டு லெராய் பால்மரும் கெம்ப்ஸ்டரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கரோட்டினாய்டு ஏறக்குறைய இல்லாத தீவனம், கூடவே பன்றி ஈரல். கோழிகள் நன்றாகவே வளர்ந்தன. கருவில் நிறமே இல்லாத முட்டைகள் இட்டன, அவை குஞ்சும் பொரித்தன.

யார் சொன்னது சரி? ரெண்டு பேருமே. 1930-இல் தாமஸ் மூர் எலிகளில் காட்டியபடி, கரோட்டின் உடலுக்குள் போய்த்தான் வைட்டமின் ஏ ஆகிறது. ஈரலில் அது ஏற்கெனவே தயாராக இருக்கு. கருவுக்கு மஞ்சள் தரும் லூட்டீனோ அப்படி மாறவே மாறாது (விழித்திரைக்கு அது வேண்டும் என்பது வேறு கதை).

நாட்டு முட்டைக்குக் கூடுதல் விலை கொடுக்கிறீங்களா? ருசிக்காகன்னா தாராளமா கொடுங்க. வைட்டமின் ஏ-க்காகன்னா, உடைச்சுப் பார்த்துப் பயனில்லை. கோழிக்கு என்ன போட்டீங்கன்னு விற்பவரைக் கேளுங்க.