பல்கலைக்கழகக் கணினித் துறைகளின் இயல்புகளும் தமிழும்: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை முன்வைத்து

முன்னுரை

1929ஆம் ஆண்டு சிதம்பரத்தில் தோற்றம் பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழியல், இசை, மொழியியல் ஆகியவற்றின் வழிப் புகழ்பெற்றது. அவ்வளாகத்திலேயே கணினித் துறைகளும் இயங்கி வருகின்றன. கணினித் துறைகளின் பொது இயல்பையும், மொழித்துறைகளோடு அவை கொள்ளும் உறவையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

இரு வேர்கள்

கணினி அறிவியல் பிற துறைகளின் மடியில் வளர்ந்த துறையாகும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1962ஆம் ஆண்டு அது கணிதவியலைச் சார்ந்து உருவாயிற்று. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியலுக்குள் வளர்ந்து, 1975இல் அத்துறையின் பெயரிலும் இடம்பெற்றது. இவ்விரு மரபின் தடமும் சிதம்பரத்தில் அருகருகே காணப்படுகிறது. பொறியியல் புலத்தில் கணினி அறிவியல் மற்றும் பொறியியல் துறையும், அறிவியல் புலத்தில் கணினி மற்றும் தகவல் அறிவியல் துறையும் உள்ளன. கணிதம், மின்பொறியியல் என்னும் இவ்விரு வேர்களிலும் மொழிக்கு இடமில்லை என்பது கருதத்தக்கது.

எழுத்தும் குறியீடும்

மொழி ஆய்வு மொழியியலாரின் பணி. கணினி அறிவியலோ எம்மொழிக்கும் பொதுவானது என்பர். இக்கருத்து ஆய்வுக்குரியது. ‘தமிழ்’ என்னும் சொல் இலக்கணப்படி மூன்றெழுத்து. ஒருங்குறியில் அச்சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகப் பதிவாகிறது. குறியீடுகளை எண்ணும் நிரல் ஐந்து என்றே விடை தரும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆவது தமிழ் மரபு. ஒருங்குறியோ அகரமேறிய உயிர்மெய்யை அடிப்படையாகக் கொண்டு, புள்ளியிட்டு மெய்யைப் பெறுகிறது. அகரவரிசைப்படுத்தலிலும் இச்சிக்கல் தொடர்கிறது. குறியீட்டு எண்ணை மட்டும் கொண்டு வரிசைப்படுத்தினால், இறுதியில் வர வேண்டிய னகரம் நகரத்தை அடுத்தே வந்துவிடும். ஆகவே, சரத்தின் நீளம், வரிசையாக்கம் போன்ற தொடக்கநிலைப் பாடங்களிலேயே மொழியறிவு தேவைப்படுகிறது. ஆங்கில எழுத்தை மட்டும் சான்றாகக் கொள்ளும் பாடம் பொதுமையுடையதாகாது.

கூட்டு முயற்சியும் அதன் எல்லையும்

2012 டிசம்பரில் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தன் 11ஆவது தமிழ் இணைய மாநாட்டை இப்பல்கலைக்கழகத்தில் நடத்தியது. மொழியியலாரும் கணினியியலாரும் ஓரவையில் கூடத் தடையில்லை என்பதை அது மெய்ப்பித்தது. எனினும், மாநாடு மூன்று நாளில் முடிவது. பாடத்திட்டமே ஆண்டுதோறும் மாணவரைச் சென்றடைவது. 2021ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தைத் தொடர்ந்து கடலூர் மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் இப்பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்றன. சிதம்பரத்தில் வகுக்கப்படும் பாடத்திட்டம் இன்று பள்ளியில் தமிழ்வழி பயின்ற கடலூர் மாணவரின் வகுப்பறையையும் எட்டுகிறது. தாம் அன்றாடம் எழுதும் எழுத்தைக் கணினி எவ்வாறு கையாள்கிறது என்று அறியாமலே அவர் பட்டம் பெறுவது அத்துறைக்கும் இழப்பாகும்.

முடிவுரை

கணினித் துறைகளின் புலப்பிரிவு வரலாற்றின் விளைவாதலின் அதனை மாற்றுவது எளிதன்று. அதற்குள்ளேயே செய்யத்தக்கன இரண்டு: முதலாண்டு நிரலாக்கப் பயிற்சியில் தமிழ் எழுத்தெண்ணல், அகரவரிசையாக்கம் ஆகியவற்றைச் சேர்த்தல், முனைவர் பட்ட ஆய்வுகளில் மொழியியல், கணினித் துறையினரின் இணை நெறியாள்கைக்கு வழிசெய்தல். ஒரே வளாகத்தில் இரு துறைகளையும் பெற்றுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இதனைத் தொடங்குதற்கு ஏற்ற களமாகும்.