இதயம் தின்ற வீரன்: ‘எல்டன் ரிங்’ விளையாட்டைப் பற்றி

காப்பியம் பயின்றோர் ஒன்றை அறிவர். வீரன் எந்த விலங்கைக் கொன்றான் என்பதைவிட, கொன்றபின் அவன் என்ன ஆனான் என்பதிலேயே கதையின் உயிர் இருக்கிறது. இந்த அளவுகோலைக் கொண்டு, நம் வீட்டு இளைஞர்கள் இரவு கண்விழித்து ஆடும் ஒரு வீடியோ விளையாட்டை ஈண்டு ஆராயத் துணிகிறேன். “அதில் ஆராய என்ன இருக்கிறது?” என வினவும் பெரியோர் சற்றே பொறுத்தருள்க. கல்லூரியில் பயிலும் என் தங்கை மகன் என்னைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு ஆடிக் காட்டியபோது, நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன்.

‘எல்டன் ரிங்’ என்பது அதன் பெயர். ஜப்பானிய நிறுவனமான ஃபிரம் சாஃப்ட்வேர், ஹிடேடாகா மியாசாகியின் தலைமையில் உருவாக்கிய இது, 2022 பிப்ரவரியில் வெளிவந்தது. இதன் பின்புலமான பழங்கதைகளைப் புனைந்தவர் அமெரிக்க நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். சிதைந்துபோன ஒரு பேரரசு. சாகவும் மாட்டாமல் வாழவும் மாட்டாமல் அலையும் மாந்தர். அவர்களிடையே அரியணை தேடி வரும், முன்பு நாடு கடத்தப்பட்ட ஒருவன். அவனே ஆட்டக்காரர்.

அந்நாட்டில் டிராகன்கள் உண்டு. ஏரி நடுவே தீயைச் சூழ்ந்திருக்கும் சிலரை நெருங்கினால், அகீல் என்னும் டிராகன் வானிலிருந்து இடிபோல் இறங்குகிறது. குதிரைமீதிருந்து அதன் காலை வெட்ட வேண்டும். அது நெருப்பைக் கக்கும்போது விலக வேண்டும். மீண்டும் நெருங்க வேண்டும். தங்கை மகன் பலமுறை மாண்ட பின்னரே வென்றான். ஒவ்வொரு தோல்வியிலும் அதன் அசைவுகளில் ஒன்றைக் கற்றுக்கொண்டான். பாடம் ஒப்புவிக்கத் தவறிய மாணவனை முதல் வரியிலிருந்து தொடங்கச் சொல்லும் ஆசிரியனுக்கு இம்முறை புதிதன்று. மனமாரப் பாராட்டுகிறேன்.

வென்றவனுக்குக் கிடைப்பது டிராகனின் இதயம். பாழடைந்த ஒரு தேவாலயத்தில் அதைத் தின்றால் டிராகனின் ஆற்றல் அவன் வசமாகும். மேன்மேலும் தின்றால் அவன் கண்களே டிராகனின் கண்களாக மாறிவிடும். வழியில் கிடைக்கும் ஒரு வாளின் குறிப்பு இதன் முடிவைச் சொல்கிறது. வயிறு தேயத் தரையில் ஊர்ந்து நெருப்புக் குழம்பைக் கக்கும் விலங்குகள், முன்னொரு காலத்தில் இவ்வாறே இதயம் தின்ற மனித வீரர்களாம்!

இதைக் கேட்டதும் எனக்கு பிர்தௌசியின் ‘ஷாஹ்நாமா’ நினைவுக்கு வந்தது. 1010ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அக்காப்பியத்தில் ளஹ்ஹாக் என்றொரு மன்னன் வருகிறான். சமையற்காரனாக வந்த இப்லீஸ் அவனுக்கு இறைச்சியின் சுவையைப் பழக்கினான். பின் அவன் தோள்களில் முத்தமிட்டான். அங்கே இரு பாம்புகள் முளைத்தன. அவற்றுக்கு நாள்தோறும் மனித மூளை இரையாயிற்று. டிராகனைக் குறிக்கும் ‘அஜ்தஹா’ என்ற பார்சிச் சொல்லும் இம்மன்னன் பெயரும் ஒரே பழஞ்சொல்லின் வழிவந்தவை. உண்ட உணவே உண்டவனை விலங்காக்கியது என்னும் உண்மையை, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் இவ்விளையாட்டும் தொட்டிருக்கிறது.

தொட்டதேயன்றிப் பற்றவில்லை என்பதே என் குறை. இதயம் தின்ற ஆட்டக்காரரின் கண் மாறுகிறது. ஊர்ந்து திரியும் தண்டனையோ அவர்மீது விழுவதில்லை. 2024இல் வந்த பிற்சேர்க்கையில்கூட, டிராகன் உருவெடுப்பது விரும்பியபோது பூணும் வேடமாகவே தரப்படுகிறது. விலையை வாளின் குறிப்பில் எழுதி வைத்தார்கள். பிர்தௌசியோ அதை மன்னன் தோளிலேயே வைத்தார்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. கேலிட் என்னும் நிலப்பகுதியில் கிரெயோல் என்ற மூத்த டிராகன் எழ வலியின்றிக் கிடக்கிறது. சுற்றிலும் அதன் குட்டிகள். உறுமுவதன்றி அதனால் ஏதும் இயலாது. ஓரமாய் நின்று வெட்டிக்கொண்டே இருந்தால் போதும். தாய் சாகும், உடன் குட்டிகளும் சாகும். பரிசாக 50,000 ரூன்கள். ஏரிக்கரையில் பொறுமையையும் கூர்நோக்கையும் கற்பித்த விளையாட்டு, இங்கே அவையின்றியே பெரும்பொருளை அள்ளித் தருகிறது.

தீர்ப்பை ஆட்டக்காரர் மனத்துக்கு விட்டதே கலை நயம் என்பாரும் உளர். அவர்கள் கூற்றிலும் உண்மை இல்லாமலில்லை. கிரெயோல் வீழ்ந்த இரவு, “மாமா, இது மட்டும் ஏனோ மனதுக்கு ஒப்பவில்லை” என்றான் பிள்ளை. ஆயினும் கிடைத்த ரூன்களைச் செலவிட அவன் தயங்கவில்லை!

பெற்றோரே, விளக்கை அணைத்துவிட்டு உறங்கச் சொல்லும் முன், ஓர் இரவேனும் பிள்ளையின் அருகில் அமருங்கள். எத்தனை டிராகன்களைக் கொன்றாய் என்று கேட்க வேண்டாம். எதைக் கொல்ல மனம் கூசிற்று என்று கேளுங்கள். விளையாட்டு சொல்லாமல் விட்டதை அந்த உரையாடல் சொல்லக்கூடும்.