காதற் புனைகதையிற் சம்மதமும் அதிகாரமும்: ஒரு நோக்கு

காதற் புனைகதைகளை வணிகப் பண்டங்கள் எனக் கூறி ஒதுக்கிவிடுதல் முற்போக்கு விமர்சகரிடையேயும் நெடுங்கால வழக்கமாயிருந்து வந்துள்ளது. எனினும், பெருந்தொகையான பெண்கள் விரும்பிப் படிக்கும் ஓர் இலக்கிய வகை எத்தகைய மனித உறவுகளை இயல்பானவையாகக் காட்டுகின்றது என வினவாதிருத்தல் விமர்சனத்தின் கடமையைக் கைவிடுவதாகும். அதிகாரத்திற் சமமற்ற இருவரிடையே பெண் அளிக்கும் சம்மதம் இந்நாவல்களில் எவ்வாறு சித்திரிக்கப்படுகின்றது என்பதை மாத்திரம் இங்கு நோக்குவோம்.

சாமுவேல் றிச்சாட்சன் 1740இல் வெளியிட்ட 'பமீலா' இவ்வகையின் மூலவூற்றுக்களுள் ஒன்று எனலாம். பதினைந்து வயதுப் பணிப்பெண்ணை அவளது எசமான் தொந்தரவு செய்கிறான். தொலைவிலுள்ள தன் மாளிகையொன்றிற் சிறைவைக்கிறான். தன் ஆசைக்கு இணங்கினாற் பணமும் நிலமும் தருவதாக, இலக்கமிட்ட நிபந்தனைகளை எழுத்தில் அனுப்புகிறான். அவள் ஒவ்வொன்றுக்கும் மறுப்பு எழுதுகிறாள். ஈற்றில் அவன் மனந்திருந்தி மணம்பேச, அவள் இசைகிறாள். மறுக்கும் உரிமை ஏழைப் பணிப்பெண்ணுக்கும் உண்டெனக் காட்டியது அந்நாவலின் முற்போக்கான அம்சமாகும். ஆயின், அவளைச் சிறைவைக்க இடமளித்த சொத்தும் அந்தஸ்தும் கதைமுடிவிலும் அவனிடமே உள்ளன. துன்புறுத்தியவனே அவளது ஒழுக்கத்துக்குரிய பரிசாகின்றான்.

ஏறத்தாழ 270 ஆண்டுகளின் பின், 2011இல் வெளிவந்த ஈ. எல். ஜேம்ஸின் 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஒஃப் கிறே' நாவலிலும் எழுத்துமூல நிபந்தனைகள் மீண்டும் தோன்றுகின்றன. இங்கு சம்மதம் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. வாசகங்கள் விவாதிக்கப்படுகின்றன, நிறுத்துமாறு கோருதற்கான சொற்கள் முன்கூட்டியே வகுக்கப்படுகின்றன, நாயகி அவ்வொப்பந்தத்திற் கையொப்பமிடுவதுமில்லை. இம்மாற்றம் மதிக்கப்படவேண்டியதே. வழமைக்கு மாறான பாலியல் விருப்பங்களும் எமது ஆட்சேபத்துக்குரியனவல்ல. ஆனால், அவ்விவாதம் தொடங்குமுன்னரே நடந்ததைப் பிறரிடம் பேசுவதில்லை என்ற இரகசிய உடன்படிக்கையில் அவள் ஒப்பமிட்டுவிடுகிறாள். பெருஞ்செல்வனான நாயகன், மாணவியான அவளது பழைய காரை விற்றுப் புதியதொன்றை வழங்குகிறான். இரண்டாம் பாகத்தில் அவள் பணியாற்றும் நிறுவனத்தையே வாங்கிவிடுகிறான். நிபந்தனைகள் பற்றிப் பேரம் பேசலாம். பேரம் பேசுவோரின் நிலை பற்றிப் பேசுதற்கு இடமில்லை.

இவ்விடத்திற் சார்லட் புறொன்ரேயின் 'ஜேன் அயர்' (1847) ஒப்புநோக்கத்தக்கது. எசமானான றொச்செஸ்ரருக்கு ஏற்கெனவே மனைவி உண்டென அறிந்ததும் ஜேன் அவனை விட்டுச் செல்கிறாள். சிறிய தந்தை விட்டுச்சென்ற 20,000 பவுணை உறவினர் மூவருடன் சமமாகப் பகிர்ந்து, தனக்கென 5,000 பவுண் உடையவளாகவே அவள் திரும்பிவருகிறாள். அவனோ தீவிபத்தில் வீட்டையும் பார்வையையும் ஒரு கையையும் இழந்துள்ளான். தீயும் மரணசாசனமும் கொண்டு சமத்துவத்தை ஏற்படுத்தியமை அந்நாவலின் வரையறையைக் காட்டுகின்றது. சமூக உறவுகள் அதில் மாறிவிடவில்லை. எனினும், சம்மதத்துக்குப் பொருளாதார அடிப்படை ஒன்றுண்டு என்பதைப் புறொன்ரே தெளிவாக உணர்ந்திருந்தார்.

இவ்வாறு கூறுதல் வாசகியரை இழிவுபடுத்துவதாகாது. அமெரிக்க வாசகியர் சிலரைச் சந்தித்து ஜனிஸ் றட்வே 1984இல் வெளியிட்ட ஆய்வு, அவர்கள் கொடூரமான நாயகர்களை வெறுத்தனர் என்பதையும், வாசிப்பு வீட்டுக்கடமைகளிலிருந்து அவர்கள் தமக்கென மீட்டெடுத்த நேரமாக இருந்தது என்பதையும் எடுத்துக்காட்டியது. அன்பும் கவனிப்பும் வேண்டும் என்ற அவர்களது ஏக்கம் நியாயமானது. வலியவனின் கடுமையை மறைந்திருக்கும் காதலென வாசிக்கப் பழக்கும் கதையமைப்பே கண்டனத்துக்குரியது.

எமது நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவைக்கு 1995இற் கொண்டுவரப்பட்ட திருத்தம், அதிகாரத்திலுள்ளவர் வேலைத்தலத்தில் விரும்பப்படாத பாலியல் அணுகல்களை மேற்கொள்ளுதலைக் குற்றமென வரையறுத்தது. அணுகுபவரின் பதவியும் அங்கு கருத்திற்கொள்ளப்பட்டது. காதற் புனைகதையோ அப்பதவியையே நாயகனின் கவர்ச்சியாக்குகின்றது. ஆகவே, நாயகி சம்மதித்தாளா என்பதுடன் விமர்சகன் அமைந்துவிடலாகாது. மறுத்திருந்தால் அவள் இழக்க நேர்ந்திருப்பது யாது என்பதையும் அவன் வினவுதல் வேண்டும்.