தலை நீங்கிய உருவமும் மரமும்: லயனல் வென்ட்டின் நிழற்படங்களை முன்வைத்து

வாசலில் ஓர் உருவச்சிலை இருந்த காரணத்தால் வானவர் ஜிப்ரீல் (அலை) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் இல்லத்துள் நுழையாமல் நின்றுவிட்ட செய்தியை அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்துள்ளனர். அச்சிலையின் தலையை நீக்கிவிடுமாறும், நீக்கினால் அது ஒரு மரத்தின் தோற்றத்தைப் போல் ஆகிவிடும் என்றும் அப்போது சொல்லப்பட்டது. உருவம் வரைவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, வரைந்தே தீரவேண்டுமெனில் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையும்படி அவர் கூறியது புகாரியில் உண்டு. இவ்வறிவிப்புகளை நாம் சட்ட வரம்புகளாக மட்டுமே வாசித்துப் பழகிவிட்டோம். மனித உருவுக்கும் மரத்துக்கும் இடையே தலை என்னும் ஒன்றை எல்லையாக வைத்திருப்பதில் கலை விமர்சனத்துக்கு உதவக்கூடிய ஒரு பார்வையும் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

இருபதாம் நூற்றாண்டின் கலைப் புகைப்படம் இந்த எல்லையைத்தான் பெருமுயற்சியோடு அழித்தது. ஜெர்மனியில் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் மொட்டுகளையும் சுருண்ட தளிர்களையும் பன்மடங்கு பெரிதாக்கி 1928இல் நூலாக்கினார். அவை இரும்பு வேலைப்பாடுகளைப் போலத் தோன்றின. அவருடைய நோக்கமும் வடிவமைப்புப் பயிலும் மாணவருக்கு இயற்கையிலிருந்து மாதிரி காட்டுவதாகவே இருந்தது. அமெரிக்கரான எட்வர்ட் வெஸ்டன் 1930இல் எடுத்த குடைமிளகாய்ப் படம் முறுக்கேறிய மனித முதுகை நினைவூட்டும். அவர் எடுத்த உடல்களோ மணல்மேடுகளை ஒத்திருக்கும். காய், மணல், உடல் மூன்றும் ஒரே வடிவக் கணக்குக்குள் வந்துவிட்டன. இதைச் சாதனை என்று கலை வரலாறு எழுதுகிறது. சாதனைதான், மறுப்பதற்கில்லை.

நமக்கு அண்மையில், பாக்கு நீரிணைக்கு அப்பால், இதே பாதையில் நடந்தவர் கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ட் (1900–1944). தந்தை பரங்கியர் சமூகத்தவர், உயர்நீதிமன்ற நீதிபதி, தாய் சிங்களவர். இலண்டனில் சட்டமும் பியானோ இசையும் பயின்று 1924இல் நாடு திரும்பினார். வழக்கறிஞர் தொழில் அவரைப் பிடித்து வைக்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் கேமராவைக் கையிலெடுத்து, அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தென்னாசியப் புகைப்படக் கலையின் முதல்வரிசையில் வைக்கத்தக்க படங்களைத் தந்துவிட்டு மறைந்தார். இலங்கையின் நவீன ஓவியர்களை ஒன்றுசேர்த்த ‘43 குழு’ உருவானது அவருடைய வீட்டில்தான். அவர் மறைந்தபின், 1950இல், ‘லயனல் வென்ட்டின் சிலோன்’ என்ற நூல் இலண்டனில் வெளிவந்தது. நம்மவர் அவரை அதிகம் அறியார். தமிழில் புகைப்படக் கலை குறித்த பேச்சு பெரும்பாலும் திரைப்பட ஒளிப்பதிவோடு நின்றுவிடுகிறது. இஸ்லாமிய இதழ்களிலோ இப்னுல் ஹைஸமின் இருட்டறையில் தொடங்கி அங்கேயே பெருமிதத்துடன் முடிந்துவிடுகிறது.

வென்ட்டின் தாவரப் படங்களையும் நிலக்காட்சிகளையும் எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. தென்னோலை அவர் படத்தில் சுற்றுலாச் சுவரொட்டியின் தென்னோலை அன்று. ஒவ்வொரு கீற்றும் தனித்தனியே ஒளியை வாங்கி, அடுத்ததன்மேல் நிழலாக இறக்கிவிடுகிறது. நீர்நிலையும் கரையும் வானமும் கறுப்பின் பல படிகளாகப் பிரிந்து நிற்கின்றன. கறுப்புக்குள் இத்தனை படிகளை அச்சில் கொண்டுவருவதற்கு இருட்டறையில் எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது, எண்ணிமக் கேமரா வருவதற்குமுன் ஒரு படத்தையேனும் தானே கழுவி எடுத்தவருக்குத் தெரியும். கழுவும் நடுவில் ஒரு கணம் ஒளியைப் பாய்ச்சி, கறுப்பு வெளுப்பைப் பாதியளவில் தலைகீழாக்கி, விளிம்பில் கோடு தோன்றச் செய்யும் முறை ஒன்றுண்டு. மேன் ரே போன்றோர் பாரிஸில் கையாண்ட அம்முறையை வென்ட் கொழும்பில் கையாண்டார். இம்முறை ஓர் இலையில் அதன் உள்வரைவை வெளிக்கொணர்கிறது. அவரே அதை ஓர் இளைஞனின் முகத்தில் பயன்படுத்தும்போது எனக்குச் சற்றே நெருடுகிறது. முகம் உலோகமாகிவிடுகிறது.

இனி அவருடைய மனித உடல்களுக்கு வருவோம். மீனவர், கூலியாட்கள், நீராடுவோர், நடனக்காரர். பெரும்பாலோர் ஆண்கள், மேலாடையற்றவர்கள். சில படங்களில் முழுமையாகவே ஆடையற்றவர்கள். ஆணுடலின்பால் வென்ட்டுக்கு இருந்த ஈர்ப்பைப் பற்றி இன்றைய ஆய்வாளர்கள் வெளிப்படையாகவே பேசுகின்றனர். அவ்ரத் பற்றிய நம் சட்டநிலை வாசகர் அறிந்ததே. அதை இங்கு மீண்டும் விரிக்கப்போவதில்லை. நான் சுட்ட விரும்புவது வேறு. இப்படங்களில் பலவற்றில் தலை சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறது, அல்லது அப்பால் திரும்பியிருக்கிறது, அல்லது இருளில் மூழ்கியிருக்கிறது. எஞ்சுவது தோள், முதுகு, ஈரம் படிந்த தசை. தலை நீங்கியதும் உடல் அடிமரமாகிவிடுகிறது. அந்த நபிமொழி சொன்னது அப்படியே நிகழ்கிறது.

ஃபிக்ஹின் கண்கொண்டு பார்த்தால், தலையற்ற உருவம் தடைக்குள் வராது என்பது பெரும்பான்மை அறிஞர் முடிவு. வழிபாட்டுக்குரிய சிலையாக அது இனி ஆகமுடியாது. சிலையின்மீதிருந்த மயக்கம் அகன்றுவிட்டது. ஆனால் உயிருள்ள ஒரு கூலியாளின் படத்தில் தலையை நீக்கும்போது அகலுவது மயக்கமன்று. அகலுவது அந்த மனிதர். ஆதமின் மக்களைக் கண்ணியப்படுத்தியிருப்பதாக இறைவன் அறிவிக்கும் வசனத்தை (17:70) நாம் சிலை பற்றிய விவாதத்தோடு சேர்த்து ஓதுவதில்லை. சேர்த்து ஓதியிருந்தால் ‘ஹலாலா, ஹராமா’ என்ற கேள்விக்கு அருகில் இன்னொரு கேள்வியையும் எழுப்பியிருப்போம்: படத்திலிருப்பவர் யார்?

இது எனக்குக் கொழும்பைப் பற்றிய கவலை மட்டுமன்று. நான் வாழும் அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் சாலையெங்கும் பனியன் கம்பெனிகள். மாதிரி ஆடைகளை அளவு பார்ப்பதற்கென வைத்திருக்கும் உடற்பொம்மைகளுக்குத் தலை இருப்பதில்லை. அளவுக்குத் தலை தேவையில்லை. அந்தக் கூடங்களில், துணியை மடித்துக் கொடுத்து டெய்லருக்கு உதவுபவருக்குக் ‘கைமடி’ என்றே பெயர். “ரெண்டு கைமடி குறையுது” என்று மேற்பார்வையாளர் சொல்லும்போது குறைவது இரண்டு மனிதர்கள் என்பது பேச்சில் மறைந்துவிடுகிறது. வென்ட்டின் சட்டகத்தை முதன்முறை பார்த்தபோது எனக்கு இந்தக் கூடங்களே நினைவுக்கு வந்தன. ஊர்ப் பழக்கம் என் பார்வையைக் கோணலாக்கியிருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்-முதீஈ புகைப்படத்தை அனுமதித்தபோது முன்வைத்த வாதம் அழகானது. கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் போல, இறைவன் படைத்த நிழலைத் தடுத்து நிறுத்தி வைப்பதே இது. புதிதாக எதையும் படைப்பதன்று என்றார். நம் முன்னோர் இதற்கு ‘நிழற்படம்’ என்று பெயரிட்டதும் ஏறத்தாழ அதே கருத்தில்தான். ஷைக் இப்னு பாஸ் போன்றோர் இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. இன்று அடையாள அட்டையும் கைப்பேசியும் நம்மை எங்கோ கொண்டுபோய்விட்டன. ஆயினும் பகீத் அவர்களின் வாதம் தொடாமல் விட்ட ஓர் இடம் உண்டு. நிழலைத் தடுத்து நிறுத்துகிறவருக்கும் நிழலுக்கு உரியவருக்கும் இடையேயுள்ள கொடுக்கல் வாங்கலை அது பேசவில்லை. மரத்தின் நிழலைப் பிடித்தவர் மரத்துக்குக் கடன்படுவதில்லை. மனிதனின் நிழல் அவனிடமிருந்து பெறப்பட்ட அமானிதம்.

வென்ட்டின்மீது இவ்வாறு குற்றம் சாட்டிவிட்டு நகர்ந்துவிடுவதும் நியாயமாகாது. செல்வர் வீட்டுப் பிள்ளை அவர். ஆங்கில அதிகாரிகளின் கேமரா இலங்கை மக்களை இன மாதிரிகளாக, வேடிக்கைப் பொருள்களாக நிறுத்தியிருந்த காலத்தில், அதே மக்களை அழகுக்கு உரியவர்களாகக் கண்டவர். உழைப்பில் ஈடுபட்டிருக்கும் உடல்களை அவர் எடுத்த படங்களில் நான் சொன்ன குறை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கயிற்றை இழுக்கும் கை எதற்காக இழுக்கிறது என்பது நமக்குத் தெரிகிறது. முகம் தெரியாவிட்டாலும் அந்த மனிதருக்கு ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலையில் ஓர் எண்ணம் இருக்கிறது. காட்டுவதற்கென்றே நிறுத்தப்பட்ட உடல்களில் அது இல்லை. தொழில்நுட்பத்தில் இவ்விரு வகைக்கும் வேறுபாடு காண முடியாது. ஒரே கை, ஒரே கண். ஆகவே வென்ட்டின் சிறந்த படங்களாக நான் வரிசைப்படுத்துவது தாவரங்களை, அவற்றையடுத்து உழைக்கும் மனிதர்களை. விமர்சகர்கள் மிகுதியாகக் கொண்டாடும் ஆடையற்ற உடல்கள் என் வரிசையில் மூன்றாமிடத்தில் நிற்கின்றன.

1934இல் பேசில் ரைட் இயக்கிய ‘சாங் ஆஃப் சிலோன்’ என்னும் ஆவணப்படத்தில் பின்னணிக் குரல் வென்ட்டுடையது. கண்டி அரசில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கைதியாக இருந்த ஆங்கிலேயர் இராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து அவர் வாசிக்கிறார். திரையில் யாத்திரிகரும் நடனக்காரரும் உழைப்பாளிகளும் வருகின்றனர். அவர்களைப் பற்றிய விவரணை ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அது மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்தைய அந்நியர் ஒருவரின் சொல், கொழும்புச் சீமான் ஒருவரின் குரல்.

வென்ட்டின் நெகடிவ்கள் அவர் மறைவுக்குப் பின் அழிக்கப்பட்டுவிட்டன. அவர் கையால் எடுத்த அச்சுப் பிரதிகள் எஞ்சி, இன்று வெளிநாட்டுக் காட்சிக்கூடங்கள் வரை பயணம் செய்கின்றன. 2017இல் ஆம்ஸ்டர்டாமில் அவற்றுக்குத் தனிக் கண்காட்சியே நடந்தது. படத்தருகே ஒட்டப்படும் சிறு அட்டைகளில் கலைஞரின் பெயர், உத்தேச ஆண்டு, அச்சிட்ட முறை ஆகியவை இருக்கும். படத்திலிருப்பவரின் பெயர் வரவேண்டிய இடத்தில் பெரும்பாலும் ‘தலைப்பில்லை’ என்று போட்டிருக்கிறார்கள்.