இரண்டாம் தண்ணீர்

செட்டிநாட்டு மண்டியைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, இதில் என்ன அரைத்து ஊற்றியிருக்கிறது என்று கேட்பவர்கள் பதிலைக் கேட்டதும் பெரும்பாலும் நம்புவதில்லை. தேங்காய் கிடையாது, பருப்பு கிடையாது, வறுத்து அரைத்த மசாலாவும் கிடையாது. சின்ன வெங்காயம், பூண்டு, கீறிய பச்சை மிளகாய், வெண்டைக்காய் எல்லாம் எண்ணெயில் வதங்கியபின், அரிசி களைந்த தண்ணீரில் கரைத்த புளியை ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை சுண்டவிட வேண்டும். அவ்வளவுதான் மண்டி. குழம்பைக் கெட்டியாக்கிப் புளியையும் காரத்தையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கழுநீர்.

இதை ஏழை வீட்டுக் குழம்பு என்று நினைத்துவிடக் கூடாது. பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தி, இத்தாலியிலிருந்து சலவைக்கல் இறக்கிக் கட்டிய வீடுகளின் குழம்பு இது. பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்கப் போன குடும்பங்கள் முந்திரியும் பாதாமும் அரைத்து ஊற்றியிருக்கலாம். விருந்துக்கு அதையும் செய்தார்கள். ஆனாலும் ஆச்சிமார் கழுநீரைக் கீழே கொட்டவில்லை. வெண்டைக்காய் மண்டியோடு நிற்காமல் பலாக்கொட்டை, மாங்கொட்டை, மொச்சை, காய் எதுவுமில்லாத நாளில் வெறும் பச்சை மிளகாய் என்று அதற்கு ஒரு குடும்பமே உண்டாக்கிவிட்டார்கள். சிக்கனத்துக்கும் வறுமைக்கும் உள்ள தூரத்தை எனக்குக் காட்டிய குழம்பு அது.

எந்தத் தண்ணீரை எடுப்பது என்பதில் முதல் நுட்பம் இருக்கிறது. முதல் களைதலில் தூசியும் தவிடும் வரும். அது மாட்டுக்கோ செடிக்கோ போக வேண்டியது. கையால் நன்றாக அலசி எடுக்கிற இரண்டாம் தண்ணீர்தான் சமையலுக்கு. பச்சரிசியில் மாவுச்சத்து எளிதாக இறங்கும். புழுங்கல் ஏற்கெனவே அவிந்த அரிசி என்பதால் அவ்வளவு விடாது. சற்று நேரம் ஊறவிட்டுக் களைய வேண்டும். இந்த மாவுச்சத்து சூட்டில் மெல்ல விரிந்துதான் குழம்பு கெட்டியாகிறது. தீயைக் கூட்டி வைத்து அவசரமாகக் கொதிக்கவிட்டால் புளித்தண்ணீர் தனியாகவும் காய் தனியாகவும் நிற்கும். நல்ல மண்டியைக் கரண்டியில் எடுத்துச் சரித்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு ஓடாது, கட்டியாகவும் விழாது, வெங்காயத்தைச் சுற்றிப் படர்ந்தபடி இறங்கும். மாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கியதா என்பதை நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும். பச்சை மாவின் வாடை பின்னால் வந்து நிற்கும்.

செலவில்லாத சமையலை ரசிக்கத் தொடங்கிய பிறகு நான் ஒரு வீட்டுச் சமையலை மதிப்பிடும் முறையே மாறிவிட்டது. காயின் சதையை யாரும் ருசியாகச் சமைத்துவிடலாம். தோலும் தண்டும் வேகவைத்த நீரும் என்ன ஆயின என்றுதான் பார்க்கிறேன். வீணாக்கக் கூடாதே என்று உள்ளே தள்ளியிருந்தால் தெரிந்துவிடும். அந்த இரண்டாவது பண்டம் முதல் பண்டத்தை மிஞ்சி நிற்க வேண்டும். அப்படி நின்றால் அந்தக் கை தேர்ந்த கை.

பீர்க்கங்காயையே எடுத்துக்கொள்வோம். வாங்கி வந்ததும் நுனியில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். கசந்தால் காயையே தூக்கி எறிந்துவிட வேண்டும், அந்த இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கசப்பில்லை என்றால் முதலில் வரம்புகளின் கூரான நாரை மட்டும் சீவி எறிந்துவிட்டு, பிறகு தோலைச் சற்றுச் சதையோடு சேர்த்துச் சீவ வேண்டும். சதை பாசிப்பருப்போடு கூட்டாகட்டும். அது சாதுவான கூட்டு. காய்ச்சல்காரருக்கும் கொடுக்கலாம், அதற்கு மேல் பாராட்ட ஒன்றுமில்லை. தோல்தான் அன்றைய சாப்பாட்டின் நாயகன்.

தோலை ஒரு கரண்டி நல்லெண்ணெயில் வதக்கும்போது முதலில் பச்சை வாடை எழும். அதற்குள் இறக்கிவிடுகிறவர்கள்தான் பீர்க்கங்காய்த் துவையலுக்குக் கெட்ட பேர் வாங்கித் தந்தவர்கள். தண்ணீர் வற்றி, தோல் சுருங்கி, ஓரங்கள் கருகாமல் நிறம் மாறி, ஒருவகை இனிப்பு மணம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். காய்ந்த மிளகாயும் உளுத்தம்பருப்பும் வேறு நேரம் கேட்பவை என்பதால் தனியே வறுபட வேண்டும். உளுந்து பொன்னிறத்துக்கு ஒரு நொடி முன்னால் இறங்க வேண்டும்; சட்டியின் சூடே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பெருங்காயம் மிளகளவு போதும். ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருகிற அந்தப் பிசின்தான் இந்தத் துவையலில் கிலோக் கணக்கில் பார்த்தால் விலை கூடிய சரக்கு. ஆனால் கிலோக் கணக்கில் யார் போடுகிறார்கள்? எண்ணெயில் பொரிந்த அந்தச் சிறு துண்டு ஒரு வீட்டுச் சாப்பாட்டுக்கே மணம் தந்துவிடுகிறது.

அரைக்கும்போது வரிசை மாறக் கூடாது. மிளகாயும் உப்பும் புளியும் முதலில் நைய வேண்டும், அடுத்துத் தோல், கடைசியில் உளுந்து. உளுந்து பல்லில் அகப்பட்டு நொறுங்குவதற்காகத்தான் அதற்குக் கடைசி இடம். தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும், தெளித்தால் போதும். அம்மியில் இதெல்லாம் கையோடு வந்தது. மிக்ஸியில் தொடர்ந்து ஓட்டினால் விழுது சூடேறி மணம் போய்விடும், அதனால் விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். வழித்தெடுத்த துவையலைச் சுடுசோற்றில் வைத்து, நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்தால், சோற்றுப் பருக்கை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கரகரப்பு ஒட்டியிருக்கும். அந்தக் கரகரப்பு இல்லாத துவையல் சட்னிதான், அதை இட்லியோடு அனுப்பிவிடலாம்.

சௌசௌ தோல், கொத்தமல்லித் தண்டு, முற்றாத வாழைக்காய்த் தோல் எல்லாம் இதே வழியில் வரும். வேலியில் படர்ந்த பிரண்டைக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். நன்றாக வதக்காமலும் புளி குறைத்தும் அரைத்தால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். நன்றாகச் செய்த பிரண்டைத் துவையலுக்கு இணையாக ஒன்றைக் காசு கொடுத்து வாங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கொங்கு நாட்டுக் கொள்ளும் இந்த வகையைச் சேர்ந்தது. மானாவாரியில், வேறெதுவும் எளிதில் விளையாத காட்டில் விளைந்து, மாட்டுக்கும் குதிரைக்கும் போட்ட தானியம். இரவே ஊறப்போட்டு வேகவைத்தால் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கும். அதை வடித்துப் புளி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டால் கொள்ளு ரசம். வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயமும் சீரகமும் மிளகாயும் சேர்த்துக் கடைந்தால் கொள்ளுப் பருப்பு. ஒரு கைப்பிடித் தானியத்திலிருந்து பிசைந்து சாப்பிட ஒன்றும் ஊற்றிச் சாப்பிட ஒன்றும் வந்துவிட்டது. எனக்கு ரசத்தின் பக்கம்தான் சாய்வு. துவரம்பருப்புத் தண்ணீரில் வைக்கும் ரசத்துக்கு இல்லாத ஒரு மண்வாசனை அதில் உண்டு. மழைநாளில் சோறு இல்லாமல் டம்ளரில் வாங்கிக் குடித்தாலும் நிறைவாக இருக்கும்.

துவரம்பருப்பை விட்டுக்கொடுத்துச் சமைக்கத் தெரிந்தவர்களுக்கு 2015 அவ்வளவாக வலித்திருக்காது. அந்த ஆண்டு வெளிச்சந்தையில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. சாம்பார் மட்டுமே குழம்பு என்றிருந்த வீடுகள் திணறின. மண்டியும் வற்றல் குழம்பும் மோர்க்குழம்பும் பழகிய வீடுகளில் பருப்பு டப்பா மெல்லத்தான் காலியாயிற்று. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்கு விலை இல்லை. 2007இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தருகிறார்கள். ஆகவே பல வீடுகளில் சோற்றைவிட அதற்குத் தொட்டுக்கொள்வதுதான் செலவு. ரேஷன் அரிசியை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் அதை நாலைந்து முறை களைந்து, ஊறவைத்து, குக்கரில் போடாமல் நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துப் பார்க்க வேண்டும். வாடை கஞ்சியோடு போய்விடும், சோறு பூவாக நிற்கும். அந்தப் புழுங்கலரிசியை இட்லிக்கு ஊறப்போடும் வீடுகளும் ஏராளம்.

ரசத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனமில்லை. பருப்பு வெந்த நீரின் தெளிவை எடுத்து, புளி கரைத்து வாடை போகக் கொதித்த தண்ணீரில் ஊற்றியபின், ரசம் கொதிக்கவே கூடாது. ஓரத்தில் நுரை கட்டி நடுப்பக்கம் நகரும்போதே இறக்கிவிட வேண்டும். அந்தச் சில நொடிகள் தவறினால் மிளகும் சீரகமும் மணத்தைக் காற்றில் விட்டுவிடும். அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர இதற்கு வேறு செலவு இல்லை. கொத்தமல்லி இலையைக் கடைசியில் தூவுங்கள். தண்டைப் புளித்தண்ணீரோடே போட்டுவிடுங்கள். கொதிக்கக் கொதிக்கத் தண்டுதான் சாரம் தரும்.

காஸ் மிச்சம் பிடிப்பதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். 14.2 கிலோ சிலிண்டர் கூடுதல் நாள் வருவது ஊறவைப்பதிலும் மூடி போடுவதிலும் குக்கரில் அடுக்கு வைப்பதிலும் இருக்கிறது. கீழே பருப்பு, மேலே சோறு என்று வைத்தால் ஒரே தீயில் இரண்டும் முடியும். வெயிலுக்குக் காசே இல்லை. பங்குனி, சித்திரையில் சுண்டைக்காயையும் மணத்தக்காளியையும் உப்பு மோரில் ஊறவைத்துக் காயவைத்து எடுத்தால், ஐப்பசி அடைமழையில் காய்கறி விலை ஏறும்போது வற்றல் குழம்பு கைகொடுக்கும். ஈரக்காயில் இல்லாத ஒரு ஆழ்ந்த கசப்பை வெயில்தான் அதில் ஏற்றுகிறது.

இவ்வளவும் யாருடைய உழைப்பில் நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். தோல் சீவியதும், மொட்டைமாடியில் காக்கை விரட்டியதும், அம்மியில் குனிந்து அரைத்ததும் பெண்கள். சேமித்த காசு வீட்டுக் கணக்கில் ஏறியது, செலவான நேரம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இந்தக் கலையைப் புகழ்கிறவர்கள், குறிப்பாக ஆண்கள், கரண்டியைக் கையில் எடுக்காமல் புகழ்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. அதைப்போலவே, உண்மையில் பசித்திருப்பவர்களின் கஞ்சியை அழகு என்று வர்ணிப்பதும் கூடாது. கஞ்சிக்குத் துவையல் அரைக்கவாவது ஒரு பிடி உளுந்தும் ஒரு கரண்டி எண்ணெயும் வீட்டில் இருக்க வேண்டும். அதுவும் இல்லாத இடத்தில் ரசனைக்கு வேலை இல்லை.

திருநெல்வேலிப் பக்கத்து உளுந்தஞ்சோறு இந்த இரண்டு உறுத்தல்களுக்கும் எட்டாத நிம்மதியை எனக்குத் தரும் உணவு. தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து வெள்ளை உளுந்தைவிட விலை குறைவு. அதை வறுத்து, அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காயோடு ஒரே பானையில் வேகவைக்கிறார்கள். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். பூப்பெய்திய பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் பார்த்துப் பார்த்துச் செய்து போடுவது இது. அதாவது, வீட்டில் யாருடைய உடம்பு முக்கியமோ அவருக்கான சாப்பாடு. சிறந்ததைக் கொடுக்க வேண்டிய நாளில் மலிவான உளுந்தைத் தேர்ந்தெடுத்த ஊர் அது. எள் கருகினால் துவையல் கசந்துவிடும். படபடவென வெடிக்கத் தொடங்கும்போதே சட்டியிலிருந்து தட்டில் கொட்டிவிட வேண்டும்.

ஒற்றை அடுப்பும் ஒரு குக்கருமாக வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் என்னிடம் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், மண்டியைச் சொல்ல மாட்டேன். அதற்குப் பொறுமை பழக வேண்டும். கோயம்புத்தூர், ஈரோட்டுப் பக்கம் எந்த வீட்டிலும் செய்கிற அரிசியும் பருப்பும் போதும். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்குச் சற்று மேல் துவரம்பருப்பு எடுத்து, களைந்து அரைமணி ஊறவிடுங்கள். குக்கரில் எண்ணெய் காயவைத்துக் கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய், நாலு பல் பூண்டு, ஒரு கைப்பிடிச் சின்ன வெங்காயம், ஒரு தக்காளி, மஞ்சள் பொடி என்று வரிசையாக வதக்குங்கள். தக்காளி கரைந்து எண்ணெய் விடும்வரை அவசரப்பட வேண்டாம், சாதத்தின் ருசி முழுக்க அங்கேதான் தீர்மானமாகிறது. மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால் அதையே ஊற்றலாம். உப்புப் போட்டு, ஊறிய அரிசியையும் பருப்பையும் சேர்த்து மூடி, மூன்று விசில் வந்ததும் அணைத்துவிட்டு, ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் தொடாதீர்கள். தயிரும் சுட்ட அப்பளமும் தொட்டுக்கொள்ளலாம். மாதக் கடைசியாக இல்லாவிட்டால் மேலே ஒரு கரண்டி நெய்யும் விட்டுக்கொள்ளலாம்.